புதுச்சேரி சமூசா

செம்மண்டலத்தில் அப்துல் வதூது டீக்கடைச் சமூசாவுக்குத் தனிப் பேர் இருந்தது. மாலை நான்கு மணிக்கு வரும், ஐந்தரைக்கெல்லாம் தட்டு காலி. கோர்ட்டு குமாஸ்தாவும் ஷேர் ஆட்டோக்காரரும் ஒரே வரிசையில் நின்று தின்றுவிட்டு, "எங்கேர்ந்து பாய் வருது?" என்று கேட்பார்கள். வதூது டம்ளரைக் கழுவிக்கொண்டே, "புதுச்சேரி சரக்கு சார், ஸ்பெஷல் ஆர்டர்" என்பார். சுத்தப் பொய். அந்தச் சமூசா வந்தது கடைக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் இருந்த மலிகாவின் அடுப்பங்கரையிலிருந்து.

பொய்யைச் சொல்லச் சொன்னவளே மலிகாதான். வதூது அவள் வீட்டுக்காரருக்குத் தூரத்து மாமா. மூன்றரை மணிக்கு மொபெட்டில் பின்சந்துக்கு வருவார். தகர டின்னைக் கட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போகலாம் அல்லவா? போகமாட்டார். மெயின் ரோட்டுக்கு ஏறி, புதுச்சேரி பக்கமாக ஒரு கிலோமீட்டர் போய், திரும்பி வருவார். பார்க்கிறவர்களுக்கு வடக்கேயிருந்து வருகிற மாதிரி தெரிய வேண்டுமே! ஒரு நாள் தவறாமல் இந்தக் கூத்து நடந்தது.

ஏன் இத்தனை நாடகம்? மலிகாவின் கணவன் இம்தியாஸ் சபுராளி. வெளிநாட்டில் சம்பாதிக்கப் போவதை அவர்கள் பக்கத்தில் சபுர் போவது என்பார்கள், போனவர் சபுராளி. பதினொரு வருடமாகத் தம்மாமில் ஏசி மெக்கானிக். ஆம்பளை சபுரில் இருக்கிற வீட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த வீட்டுப் பெண் கரண்டி பிடித்துத் தன் வீட்டுக்குச் சமைக்கலாம், ஊருக்குச் சமைத்து விற்றால் மதிப்பு போச்சு. மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்த மலிகாவுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இம்தியாஸின் கம்பெனியை இழுத்து மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் பெயின்ட் வேலை, ஒரு நாள் மூட்டை தூக்குவது என்று அவன் அங்கே வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தான். ஊருக்கு அனுப்ப ஒரு ரியால் கிடையாது. வந்துவிடுங்கள் என்று அவள் ஃபோனில் சொல்லும்போதெல்லாம், "வெறுங்கையோட எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வர்றது? வந்து அங்க என்னா வேல செய்யிறது?" என்பான். பக்கத்து வீட்டிலேயே இருந்த நாத்தனார் நஜியாவுக்குக்கூட இது தெரியாது. "எந்தம்பி மாசம் தவறாம அனுப்பிருவான்" என்று நஜியா தெருவெல்லாம் பெருமை பேசுவாள். மலிகா தலையாட்டிவிட்டு உள்ளே போய் மாவு பிசைவாள். வாசனை பிடித்து நஜியா கேட்டால், ஃபர்ஹீன் டிபனுக்கு என்பாள்.

தினம் இருநூறு சமூசா. விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து வெங்காயம் அரிந்து, மைதாவை மெல்லிசாகத் தேய்த்து, கல்லில் அரைவேக்காடாகப் போட்டெடுத்து, பட்டை பட்டையாக வெட்டி, முக்கோணமாக மடித்து, மைதாப் பசை தடவி ஒட்டுவாள். மகள் ஃபர்ஹீன் பிளஸ் டூ படிக்கிற பெண், பள்ளிக்கூடம் போகிறவரை கூட உட்கார்ந்து மடிப்பாள். அந்தக் குடும்பத்தின் வாடகை, அரிசி, டியூஷன் எல்லாமே அந்த முக்கோணத்துக்குள்தான் இருந்தது.

அப்போதுதான் அரசாங்கக் கணக்கெடுப்பு வந்தது. வார்டில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள், எவ்வளவு வருமானம், எந்த வீட்டில் கஷ்டம் என்று எழுதிக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். மலிகாவின் சந்துக்கு வந்தவள் சிவப்ரியா. சிதம்பரம் கீழவீதிக்காரி. காலை பஸ்ஸைப் பிடித்து வந்து, வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிற பெண்.

"நீங்க என்னக்கா வேலை பாக்குறீங்க?"

கூடத்தில் நஜியா காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

"நானா? சும்மாதான் இருக்கேன்" என்றாள் மலிகா.

"வீட்டுக்காரரு?"

"அவுங்க சபுர்ல இருக்காங்க."

"மாசம் எவ்ளோ வரும்?"

மலிகா வாயைத் திறப்பதற்குள் நஜியா, "நாப்பதாயிரத்துக்குக் கொறையாது. ஜாஸ்திகூட வரும்" என்றாள். சிவப்ரியா மலிகாவைப் பார்த்தாள். மலிகாவின் முழங்கையில் மைதா காய்ந்து ஒட்டியிருந்தது. வீடெல்லாம் எண்ணெய் வாசனை, சோம்பு வாசனை. "அப்படியே எழுதிக்கவாக்கா?" என்று இன்னொரு தடவை கேட்டாள்.

"எழுதிக்கம்மா."

அன்றைக்கு மட்டும் சிவப்ரியா முப்பது வீட்டில் அந்தச் 'சும்மா'வைக் கேட்டிருந்தாள். பூக் கட்டுகிறவள் சும்மா இருந்தாள், நைட்டி தைக்கிறவள் சும்மா இருந்தாள், நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளும் சும்மாதான் இருந்தாள். நம் பெண்கள் சும்மா இருக்கிற அழகு இருக்கிறதே, அவர்கள் ஒரே ஒரு நாள் உண்மையிலேயே சும்மா இருந்தால் ஊர் பட்டினி கிடக்கும்! அதை எழுதத் தாளில் இடமில்லை. சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது சிவப்ரியாவுக்குப் போட்டிருந்த விதி.

இரண்டு மாதம் கழித்து விஷயம் வெளியே வந்தது. பஸ் ஸ்டாப்பை ஒட்டிப் பன்னிரண்டு சின்னக் கடைகள் கட்டியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய், கரண்டு, ஷட்டர் எல்லாம் உண்டு, வாடகை சொற்பம். சொந்தத் தொழில் செய்கிற, வருமானம் குறைந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் என்று சொல்லி, அந்தக் கணக்கெடுப்பை வைத்தே பட்டியல் போட்டிருந்தார்கள். அங்கே ஒட்டியிருந்த பட்டியலை ஃபர்ஹீன் ஃபோனில் படம் பிடித்து வந்து வாசித்தாள். "மலிகா, தொழில் இல்லை. கணவர் வெளிநாடு. மாத வருமானம் நாற்பதாயிரம். தகுதி இல்லை."

மலிகாவுக்கு யார் மேலும் கோபப்பட வழியில்லை, அதுதான் பெரிய வயிற்றெரிச்சல். ஒரு கடை மட்டும் இருந்தால் இருநூறு சமூசா எழுநூறாகும். காலையில் இடியாப்பம் போடலாம். இரண்டு பேர் நின்று செய்ய வேலை இருக்கும். வந்து என்ன செய்வது என்று கேட்கிற மனுஷனுக்கு, இதோ இதைச் செய்யுங்கள் என்று காட்ட ஓர் இடம் இருக்கும். அந்தக் கடையை அவளே தன் வாயால் வேண்டாமென்று சொல்லியிருந்தாள்.

"தப்பா பதிவானவங்க சனிக்கெழம வந்து சொல்லலாம்னு போட்டுருக்கும்மா. சமுதாயக் கூடத்துல. ஆனா எல்லார் முன்னாடியும் சொல்லணும். தொழிலுக்கு சாட்சியும் வேணுமாம்" என்றாள் ஃபர்ஹீன்.

வெள்ளிக்கிழமை டின் எடுக்க வந்த வதூதிடம் மலிகா கேட்டாள். அவர் முகம் தொங்கிப் போனது.

"நான் எப்புடிம்மா சொல்றது? மூணாவது சந்து சமூசாவப் புதுச்சேரின்னு வித்தேன்னு தெரிஞ்சா கட பேரு என்னாவறது? அப்பறம் நீயும் கட போட்டுட்டா எனக்குச் சரக்குக்கு எங்க போறது? என்ன வுட்டுரும்மா."

அவர் டின்னைக் கட்டிக்கொண்டு, அன்றைக்கும் ஒரு கிலோமீட்டர் சுற்றித்தான் போனார். மலிகா தம்மாமுக்கு ஃபோன் போட்டாள்.

"நாளைக்கு எல்லாத்தையும் சொல்லப் போறேங்க."

இம்தியாஸ் இழுத்தான். "அக்காவுக்குத் தெரிஞ்சா..."

"தெரியட்டும். எனக்கும் பொய் சொல்லிச் சொல்லி நாக்கு தேஞ்சி போச்சி."

சனிக்கிழமை சமுதாயக் கூடத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் அதிகாரி சேதுமாதவன், பக்கத்தில் சிவப்ரியா. எதிரில் நாற்காலிகளில் தெருவே உட்கார்ந்திருந்தது. வதூது கடைசி வரிசையில் தூணோடு தூணாக நின்றார். வராமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை, வந்து பேசவும் துணிச்சல் இல்லை. நஜியா முதல் வரிசையில் இருந்தாள். பேரைக் கூப்பிட்டதும் மலிகா எழுந்தாள். துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேஜை முன்னால் போய் நின்றாள்.

"என்னம்மா தப்பா பதிவாகியிருக்கு?" என்றார் சேதுமாதவன்.

"எல்லாமே சார்."

கூட்டம் சிரித்தது. அவர் தாளைப் புரட்டினார். "நாற்பதாயிரம் வருதுன்னு எழுதியிருக்கே?"

"அது எங்க வீட்டு வாயிலேர்ந்து வந்துச்சி சார், பேங்க்லேர்ந்து வர்ல. அவுங்க கம்பெனிய மூடிப் பதினாலு மாசம் ஆவுது. ஒத்தப் பைசா வர்றதில்ல. இந்தாங்க பாஸ்புக்."

நஜியா கையில் இருந்த விசிறி நின்றது. கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மலிகா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பாள்.

சேதுமாதவன் பாஸ்புக்கைப் புரட்டிவிட்டு, "சரிம்மா, இது புரியுது. ஆனா தொழில் இல்லன்னு போட்டிருக்கு. தொழில் செய்றவங்களுக்குத்தான் கடை" என்றார்.

"சமூசா போடறேன் சார். தெனம் இருநூறு. வதூது மாமா கடையில விக்கறது நான் போட்டதுதான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அது புதுச்சேரி சரக்கும்மா, ஊருக்கே தெரியும்" என்றார் நடுவில் உட்கார்ந்திருந்த பழனிவேல். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், ஒரு நாளைக்கு நான்கு சமூசாவுக்குக் குறையாமல் தின்கிறவர். சேதுமாதவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சாட்சி யாராவது இருக்காங்களா?"

மலிகா ஒரு நிமிஷம் தூணைப் பார்த்தாள். வதூது தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதிகாரியை விட்டுவிட்டு ஆட்டோக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, போன மழையில வெள்ளம் வந்துச்சே, ஞாவகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? மூணு நாள் புதுச்சேரி ரோட்டுல வண்டியே வுடல."

"அந்த மூணு நாளும் சமூசா தின்னீங்களா?"

"தின்னேனே. மழைக்குச் சுடச்சுட..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார்.

"ரோடே இல்லாதப்ப புதுச்சேரி சமூசா நீந்தியாண்ணே வந்துச்சி?"

அப்புறம் கிளம்பியது பாருங்கள் சிரிப்பு, மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பழனிவேல் தொடையில் தட்டிக்கொண்டு, "யோவ் பாய், இங்க வாய்யா!" என்று கத்தினார். நூறு தலையும் தூணைப் பார்த்துத் திரும்பின. வதூது தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டு, மெதுவாக முன்னால் வந்தார்.

"ஆமா சார். அவதான் போடறா. அந்த மழையில இடுப்பளவு தண்ணியில போயி நான்தான் டின்ன எடுத்தாந்தேன். தெனம் ஒரு கிலோமீட்டர் வீணா சுத்தறேன் சார், பெட்ரோல் காசு வேற."

"அப்போ ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"கடைக்குச் சரக்கு நின்னு போயிடுமேன்னு பயம் சார்."

"ஏன் மாமா நிக்குது? ஒங்களுக்கும் நாந்தான் போடுவேன். டின்னு மட்டும் நேர் வழியில போவட்டும்" என்றாள் மலிகா.

சிவப்ரியா பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சேதுமாதவன் தலையசைத்ததும் பழைய வரியை ஒரே கோடாக அடித்தாள். "தொழில், உணவு தயாரித்தல் விற்பனை. குடும்பத்துக்குச் சம்பாதிப்பவர், மலிகா" என்று உரக்கப் படித்துக்கொண்டே எழுதினாள். மலிகா அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை படித்தாள். அதற்குப் பிறகு பூக் கட்டுகிறவள் எழுந்தாள், நைட்டி தைக்கிறவள் எழுந்தாள். அன்றைக்குச் சேதுமாதவன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனபோது மணி நான்கு.

வெளியே வேப்பமரத்தடியில் நஜியா நின்றுகொண்டிருந்தாள். மலிகா எதற்கும் தயாராகத்தான் போனாள். நஜியாவின் கண் சிவந்திருந்தது.

"பக்கத்து வூட்டுலயே இருக்கேன். எந்தம்பி அங்க கஞ்சிக்கு அல்லாடறான், நான் இங்க பெரும பேசிக்கிட்டுத் திரியறேன். எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"ஒங்க பெருமைய ஒடைக்க மனசு வர்லக்கா."

"அது கெடக்கு கழுத. எங்கிட்ட கல்யாண வாணல் ஒண்ணு இருக்கு, பரண்ல. எறக்கித் தரச் சொல்றேன். வூட்டு வாணல வெச்சிக்கிட்டுக் கட நடத்துவியா நீ?" என்று அதட்டிவிட்டு, மலிகாவின் கையைப் பிடித்துக்கொண்டே வீடு வரை நடந்தாள்.

பதினைந்தாம் நாள் உத்தரவு வந்தது. எட்டாம் நம்பர் கடை. மலிகா சமூசாக் காசில் கட்டிவந்த ஏலச்சீட்டை எடுத்தாள். அடுப்புக்கு ஒரு பங்கு ஒதுக்கிவிட்டு, மீதியைக் கொண்டுபோய் டிராவல்ஸ்காரரிடம் கொடுத்தாள். தம்மாமிலிருந்து பணம் வருகிற தெரு அது. அந்தத் தெருவிலிருந்து முதல் தடவையாகத் தம்மாமுக்கு ஒரு விமான டிக்கெட் போனது. சாயந்திரம் ஃபோன் போட்டாள்.

"டிக்கெட் வந்துச்சாங்க?"

"வந்துச்சி" என்றான் இம்தியாஸ். "ஒனக்கு ஒண்ணுமே வாங்கியாற முடியாது மலிகா. பெட்டிகூட இல்ல. ஒரே ஒரு பை."

"பையில துணி மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க."

அந்தப் பக்கம் அவன் அழுகிற சத்தம் கேட்டது. பதினான்கு மாதத்தில் ஒரு தடவைகூட அவன் அவளுக்குக் கேட்கிற மாதிரி அழுததில்லை. மலிகாவுக்கும் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு குரலைச் சரிசெய்தாள்.

"அழுவறத அங்கேயே அழுது முடிச்சிட்டு வந்துருங்க. வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சதும் கட தொறக்கறோம், இங்க வெங்காயம் அரிய ஆளில்ல."