டிவி கேமுக்கு வைத்த பொட்டு

என் கணவரிடம் ‘டிவி கேம்’ என்று சொல்லக் கூடாது. ‘கன்சோல்’ என்று சொல்ல வேண்டும். செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் வரை அதை விற்றவர்களும் வாங்கியவர்களும், கேசட்டின் வாயில் ஃபூ என்று ஊதி மறுபடி செருகியவர்களும் டிவி கேம் என்றுதான் சொன்னார்கள். இவர் மட்டும் பேச்சின் நடுவில் கையை உயர்த்தித் திருத்துவார். தன் பிள்ளையின் பெயரை யாரோ தப்பாகச் சொல்லிவிட்ட மாதிரி முகம் சுருங்கிவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. கூடுவாஞ்சேரியில் ரயிலடிக்கு நடந்து போகிற தூரத்தில் ஃபிளாட். ஒரு ஹால், இரண்டு அறை. ஒன்றில் நாங்கள் படுத்தோம், இன்னொன்றில் அவருடைய சேகரிப்பு படுத்தது. பெண் பார்க்க வந்த அன்று, பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்று அவர்கள் வீட்டார் பெருமையாகச் சொன்னார்கள். குடிக்கிறவனுக்காவது விடிந்தால் தெளியும்.

வழக்கொழிந்துபோன பழைய டிவி கேம் பெட்டிகளைத்தான் அவர் சேர்த்தார். பெட்டி மட்டும் போதாது. அதனுடைய ஜாய்ஸ்டிக், வயர், அட்டைப்பெட்டி, அட்டைப்பெட்டிக்குள் இருந்த தெர்மகோல், அந்தத் தெர்மகோலைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை வரைக்கும் வேண்டும். இவ்வளவையும் சேர்த்துவிட்டு விளையாடுவாரா என்றால், மாட்டார். விளையாடினால் தேய்ந்துவிடுமாம். ஒருமுறை, ஒன்றையாவது டிவியில் மாட்டுங்களேன், பார்க்கலாம் என்று கேட்டேன். நான் ஏதோ சாமி சிலையை எடுத்து அம்மியில் மசாலா அரைக்கலாமா என்று கேட்டுவிட்டதைப் போல என்னைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதற்கு ‘வேட்டை’ என்று பெயர். ஒரு நல்ல கம்பெனியில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிற ஆள், வாரத்தில் ஒரு நாள் தெருத் தெருவாகப் போய் “பழைய டிவி கேம் எதுனா கீதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். விற்கிறவர்களிடம் கன்சோல் என்று சொல்ல மாட்டார், கவனியுங்கள். சொன்னால் எதுவும் கிடைக்காது என்று தெரியும். படாளத்தில் ஒரு அம்மா உள்ளேயிருந்து உடைந்த குடத்தையும் பழைய செருப்பையும் கொண்டுவந்து ஸ்கூட்டர் முன்னால் போட்டு, “பேரீச்சம்பழம் குடுப்பியா?” என்று கேட்டாளாம். அதை வீட்டுக்கு வந்து கோபமாகச் சொன்னார். நான் சமையலறைக்குள் போய் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

போகிப் பண்டிகை வந்தால் இவருக்குத் தலைகால் புரியாது. ஊரே பழையதை வெளியே எறிகிற நாள் அல்லவா. முதல் நாளே பிளாக் பிளாக்காகப் போய்ச் சொல்லிவைப்பார். விடியற்காலைப் புகையில் மற்றவர்கள் எரித்துக்கொண்டிருக்க, இவர் குச்சியால் கிளறிக்கொண்டிருப்பார். எங்கள் பிளாக்கில் எல்லாரும் வேண்டாததை வெளியே போட்டார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் அது உள்ளே வந்தது.

சேகரிப்பு அறையின் ராஜா, பால் வெள்ளை நிறத்தில் இருந்த ஒரு ஜப்பான் பெட்டி. அதை மகாபலிபுரத்தில் பிடித்தார். கடலோரத்தில் ஒரு லாட்ஜ். எப்போதோ தங்கிப்போன வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனதாம். லாட்ஜ்காரர் அதைக் கடல்காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். அன்று நானும் கூடப் போயிருந்தேன். இவருக்கு ஆசை தாங்கவில்லை. அதை மறைத்துக்கொண்டு, “இது காப்பிதாண்ணே, தைவான் மாலு” என்று அலட்சியமாகச் சொன்னார். லாட்ஜ்காரர், “இன்னாவோ ஒண்ணு. எத்துகினு போ. ஆனா கதவுக்கு ஒரு கல்லு வெச்சுட்டுப் போ அண்ணாத்த” என்றார். சிற்பக் கூடங்கள் வரிசையாக இருக்கிற ஊரில் கல்லுக்கா பஞ்சம். ஆசாரி ஒருவர் செதுக்கிப் போட்ட துண்டு ஒன்றைப் பொறுக்கிவந்து முட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்து பற்பசையும் பிரஷ்ஷும் வைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதைத் தேய்த்தார். என் கல்யாணப் புடவைக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

இதையெல்லாம் நான் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கியிருப்பேன். அப்பா விஷயம் வராமல் இருந்திருந்தால்.

அப்பா செங்கல்பட்டில் கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தனியாக இருந்தார். ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். இன்னொரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டார் கதவை உடைத்துத் தூக்கினார்கள். நான் ஒரே பெண். இனி அவர் என்னோடுதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அவரைச் சம்மதிக்கவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கை நனைக்கவே கூச்சப்படுகிற ஆள். வந்தால் மதியம் சாப்பிட்டுவிட்டு ஐந்து மணி ரயிலைப் பிடித்துவிடுவார். “பொண்ணு வூட்ல போய் எப்பிடிம்மா உக்காந்துகினு இருக்கறது?” என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நான் அழுதேன். அதன் பிறகு வந்தார்.

“ரூம ஒழிச்சுத் தர்றேன், அடுத்த ஞாயித்துக்கெழம” என்று என் கணவர் சொல்லியிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வேட்டைக்குப் போனார். அதற்கு அடுத்ததும் போனார். அப்பா ஹாலில் பாய் விரித்துப் படுத்தார். அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே டிவி கேம்கள் படுத்திருந்தன. படூரிலிருந்து இவருடைய கூட்டாளிகள் காரில் வரும்போது அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். அவர்களும் சேகரிப்பவர்கள். அட்டைப்பெட்டியின் ஓரம் மடங்கியிருக்கிறதா என்று ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்கள். பால்கனியில் ஒரு மனிதர் மடங்கி உட்கார்ந்திருந்ததை ஒருவர்கூடப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அப்படியே ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கும் இவர் மகாபலிபுரம் பக்கம் போய்விட்டார். நான் பொரி, பூசணிக்காய், பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்கச் சந்தன வாசனை.

அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அந்த அறையில் இருந்த பெட்டிகளையெல்லாம் உறையைக் கழற்றி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, ஹாலில் வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் இட்டு, நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தார். முப்பது வருஷம் தன் டைப்ரைட்டருக்கு வைத்தவர். ஒரு மனிதன் இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிற சாமான் அவனுடைய தொழில் சாமானாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அதைத் தவிர வேறு எப்படி நினைக்க முடியும்? அவருக்கு வந்த ஒரே சந்தேகம், டிவி கேமுக்கு நெற்றி எங்கே இருக்கிறது என்பது. யோசித்துப் பார்த்து, கேசட் போடுகிற வாய்க்கு மேலே என்று முடிவு செய்திருந்தார்.

“சரியா வெச்சிருக்கேனாம்மா? மாப்ள வந்தா சந்தோஷப்படுவாரு” என்றார். வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்க்கவில்லை. எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. அந்தச் சனியன் பிடித்த பெட்டிகள்கூட அன்று பார்க்க அழகாக இருந்தன.

இவர் சாயங்காலம் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று பார்த்தார். கத்தவில்லை, அதுதான் இன்னும் மோசம். ஆபீசில் கீழே வேலை பார்ப்பவனிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

“இன்னா மாமா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“ஆயுத பூஜ மாப்ள. அதான்...”

“யாரு உங்கள தொடச் சொன்னது? இதெல்லாம் இன்னான்னு தெரியுமா உங்களுக்கு? கோர்ட்டு டைப்ரைட்டரா இது?”

அப்பா பதறிப்போய் வேட்டி நுனியைத் தண்ணீரில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார். முதலில் கைக்கு வந்தது அந்தப் பால் வெள்ளைப் பெட்டி. சந்தனம் வந்தது. குங்குமம் வரவில்லை. ஈரத்தில் கரைந்து கீழே வழிந்து, வெள்ளை பிளாஸ்டிக்கில் சிவப்பாக ஊறிவிட்டது. துடைக்கத் துடைக்கப் பரவியது.

“வுடுங்க. கைய எடுங்க” என்றார் இவர். பிறகு என் பக்கம் திரும்பி, “இதுக்குத்தான் சொன்னேன், இங்க தோதுப்படாதுன்னு” என்றார். அவர் அதற்கு முன்னால் அப்படி என்னிடம் சொன்னதே கிடையாது. அதைச் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும்வரை காத்திருந்தார், அவ்வளவுதான்.

அப்பா பூஜைக்கு உடைக்க வைத்திருந்த பூசணிக்காயை ஓரமாக எடுத்து வைத்தார். மறுநாள் காலையில், “ஊர்க் கோயில்ல கொஞ்சம் வேல கீதும்மா, போய்ட்டு வர்றேன்” என்றார். கோயிலில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. நான் இவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். ஒரே ஒரு வார்த்தை, இருங்க மாமா என்று. இவர் காது குடைகிற பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான்தான் அப்பாவை ரயிலேற்றிச் செங்கல்பட்டில் கொண்டுபோய் விட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம், நான் டீச்சராக இருந்த ஸ்கூல் விட்டதும் வாரத்தில் மூன்று நாள் அங்கே ஓடிப்போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருவேன். மற்ற நாட்களில் கேஸை மூடினீர்களா என்று ஃபோனில் கேட்பேன். இவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மற்ற பெட்டிகளில் பொட்டு போய்விட்டது. அந்த வெள்ளைப் பெட்டியில் மட்டும் போகவில்லை. அதை அலமாரியின் பின்வரிசையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

ஒருநாள் படூர்க்காரர்களில் ஒருவர் அதை இழுத்துப் பார்த்துவிட்டார். பார்த்தவர் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். “மச்சான், இன்னாடா இது? ஆயுத பூஜ பண்ண கன்சோலா? உலகத்துலயே எவன்ட்டயும் இருக்காதுடா இது” என்றார். நான் காபி டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தேன். என் கணவரின் முதுகு நிமிர்வதை என் கண்ணால் பார்த்தேன். “என் மாமனார் வெச்சது. ஆசையா வெச்சாரு. நான்தான் தொடைக்காம அப்பிடியே வெச்சுகினு இருக்கேன்” என்றார். கொஞ்சம்கூட நாக்குக் கூசவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெட்டி முன்வரிசைக்கு வந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதை சொல்லப்பட்டது. ஒவ்வொரு முறையும் அதில் அப்பாவின் பக்தியும் இவருடைய பாசமும் கொஞ்சம் கூடின. அவர் இப்ப எங்க என்று யாராவது கேட்டால், “அவருக்கு அவர் வூடுதான் சரிப்படும். புடிவாதக்காரர்” என்பார்.

பிறகு ஒரு சனிக்கிழமை இவரே வந்து, “நாளைக்கு உங்கப்பாவ ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்” என்றார். நான் காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன். அதையே சொன்னார். உடனே அப்பாவுக்கு ஃபோன் செய்தேன்.

“அப்பா, நாளைக்கு ரெண்டு பேரும் வர்றோம். அவர்தான் கூப்ட்டாரு.”

“மாப்ளையேவா சொன்னாரு?”

“ஆமாப்பா.”

அப்பா இன்னொரு முறையும் அதையே கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, “சரிம்மா, வாங்க” என்றார்.

ஸ்கூட்டரில் இவருடைய கால்களுக்கு நடுவில் ஒரு பை இருந்தது. ஆரஞ்சோ ஆப்பிளோ வாங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். அது எனக்குப் பெரிய விஷயமாகக்கூடப் பட்டது.

அப்பா சவரம் செய்து, சலவை வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே போனேன். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். சிலிண்டர் மூடியிருந்தது. கட்டில் பக்கத்தில் அவருடைய துணிப்பெட்டியும், போர்வையில் சுருட்டிக் கட்டிய தலையணையும் இருந்தன.

“பால்காரர்கிட்ட நாளையிலேர்ந்து வேணாம்னு சொல்லிட்டேன். பக்கத்து வூட்ல சாவி குடுத்தா முடிஞ்சுது” என்றார் என்னிடம். பிறகு இவர் பக்கம் திரும்பினார். “நான் ஹால்லயே படுத்துக்குறேன் மாப்ள. ரூமெல்லாம் ஒழிக்காதீங்க. அதுங்க பக்கமே போவ மாட்டேன்.”

இவர் அதைக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குனிந்து பையிலிருந்து அந்த வெள்ளைப் பெட்டியை எடுத்து, உறையைக் கழற்றி, அப்பாவின் கையில் கொடுத்தார். “இத கொஞ்சம் புடிங்க மாமா. பொட்டு வெளிய தெரியட்டும். இன்டர்நெட்ல போட ஒரு ஃபோட்டோ, நம்ம ஆளுங்க கேட்டுகினே இருக்காங்க” என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கீழே விழாமல் இரண்டு கையாலும் கவனமாகப் பிடித்துக்கொண்டு நேராக நின்றார்.

இவர் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு இறக்கினார். “பின்னாடி சூட்கேசு தெரியுது” என்று சொல்லி, அப்பாவின் பெட்டியையும் தலையணையையும் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினார். நாலைந்து படம் எடுத்தார்.

கிளம்பும்போது வெளியே ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, எனக்காக ஹாரன் அடித்தார். இரண்டாவது முறையும் அடித்தார். நான் அப்பாவின் ஃபோனில் பால்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். நாளையிலிருந்து வழக்கம்போலப் போடுங்கள், ஆனால் இரண்டு பாக்கெட் என்று சொன்னேன்.