வெள்ளைக் கோபுர வாசல் கணக்கு

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது நான்தான். அவசரப்படக் கூடாது, முதலில் நமக்கு என்ன தெரியும், அடுத்து என்ன கேட்கிறார்கள், பிறகுதான் விடை என்று தினமும் பாடம் நடத்துவேன்.

ஒரு ஞாயிறு நண்பகலில் ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனோம். தெற்கு வாசலில் செருப்பை விட்டவன், பேச்சு சுவாரசியத்தில் கிழக்கே வெள்ளைக் கோபுரம் வழியாக வெளியே வந்துவிட்டேன். வெயிலில் காய்ந்த ரோட்டில் கால் வைத்ததும் தானாகவே ஆட்டம் வந்துவிட்டது. மகள் கோபுர நிழலிலேயே நின்றுகொண்டாள்.

"அய்யோ, செருப்பு தெற்கு வாசல்ல இருக்குடி! ஓடி வா!"

"அவசரப்படாதப்பா. முதல்ல நமக்கு என்ன தெரியும்?"

"சுடுதுன்னு தெரியும்!"

"என்ன கேக்கறாங்க?"

"செருப்பு கேக்கறாங்க! வாடி!"

"ஸ்டெப் விட்டா மார்க் போயிடும்ப்பா. உன் கால் ஏற்கனவே சுட்டுடுச்சு. என் கால் இன்னும் சுடல. அப்ப உன் கால் மட்டும் சுட்டா போதும்ல?"

எவ்வளவு யோசித்தும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீதியில் துள்ளித் துள்ளி ஓடினேன்.

எதிரே வந்த பூக்கார அம்மா, "என்ன சார், வேண்டுதலா?" என்றார்.

"இல்லங்க, ஹோம்வொர்க்" என்றேன்.