பந்துக்கு முன் அரை மணி நேரம்

மும்தாஜ் டீச்சரின் மகள் போன் செய்தபோது பள்ளியில் காலை வழிபாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தது. "அம்மா மவுத்தாயிட்டாங்க டீச்சர். தூக்கத்துலயே உசுரு போயிடுச்சு," என்றாள். முத்தியால்பேட்டையில் அவர்கள் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வாசலிலிருந்து தெருமுனை வரை செருப்புகள் கிடந்தன. வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் எங்கள் பழைய மாணவிகள்.

எங்கள் அரசுப் பெண்கள் பள்ளியில் அவர் உடற்கல்வி ஆசிரியை, நான் கணக்கு. அவரிடம் வாலிபால் ஆடியவர்களுக்கு அவருடைய விசில் நினைவிருக்கும். எனக்கு நினைவிருப்பது அவர் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்கு நாட்கள்.

பத்தாம் வகுப்பு கவிதா, கடலோரக் கிராமமான பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ்ஸில் வந்து படித்தவள். அணியில் அவளைப் போல ஆட ஆளில்லை. கணக்கில் பத்தொன்பது மார்க் வாங்கியிருந்தாள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவள் அப்பாவிடம், விளையாட்டை நிறுத்தினால்தான் பெண் தேறுவாள் என்று சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து அவள் மைதானத்துக்கு வரவில்லை.

மும்தாஜ் டீச்சர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, என் வகுப்பில் உட்காரலாமா என்று கேட்டார். என்னைச் சோதிக்க வருகிறார் என்று எரிச்சலாக இருந்தது. ஆனாலும் சரி என்றேன். ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தார். கரும்பலகையை விட மாணவிகளைத்தான் அதிகம் பார்த்தார். நான்காம் நாள் ஆசிரியர் அறையில் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கவிதாவை இப்பப் பாருங்க, கிரவுண்டுக்கு வராததால முழிச்சிக்கிட்டு இருக்கா. மத்த வாலிபால் புள்ளைங்க அஞ்சு பேரு உங்க பீரியட்ல கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குதுங்க. காலைல ஆறு மணிக்கு பிராக்டிஸ் வெச்சது நான். இவ நாலு மணிக்கு எழுந்து பஸ்ஸு புடிச்சிருக்கா. எனக்கு இது தெரியாமப் போச்சு டீச்சர்."

அந்த வாரமே காலைப் பயிற்சியை எடுத்துவிட்டார். மற்ற பள்ளிகள் இரண்டு வேளையும் ஆடும்போது நாம் ஒரு வேளை ஆடினால் கோப்பை கிடைக்குமா என்று தலைமையாசிரியை கேட்டார். கிடைக்காமல் போகலாம் என்று மும்தாஜ் டீச்சர் ஒத்துக்கொண்டார். சாயங்காலப் பயிற்சியிலும் முதல் அரை மணி நேரத்தை எனக்குத் தந்தார். வீட்டுப்பாடம் முடிக்காமல் யாரும் பந்தைத் தொடக் கூடாது. மைதானத்துச் சுற்றுச்சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினேன். புரியாததை மாணவிகளுக்கு முன்னால் அவரே கேட்பார். அவர் கேட்டதால் அவர்களும் கேட்கத் தொடங்கினார்கள்.

கவிதாவைத் திரும்ப அழைக்க அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பிள்ளைச்சாவடி போனேன். கரையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அவள் அப்பா என்னைத்தான் பார்த்தார்.

"நீங்கதான டீச்சர் ஆட்டம் வேணாம்னு சொன்னீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் மும்தாஜ் டீச்சர் முந்திக்கொண்டார். "அவங்க மேல தப்பில்லண்ணே. புள்ளையைத் தூங்க வுடாமப் பண்ணது நானு. இனிமே அப்படி நடக்காது. நடந்தா நானே அனுப்பிடறேன்."

கவிதாவின் அப்பா வலையைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த பரீட்சை வரைக்கும் பார்க்கலாம் என்றார்.

விளையாட்டுப் பைத்தியம் என்று அவரை நினைத்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அணியிலேயே உயரமான ஒரு மாணவி வயலின், பிரெஞ்சு, வாலிபால் என்று மூன்றுக்கும் ஓடி, ஒரு நாள் மைதானத்தில் மயங்கி விழுந்தாள். டீச்சர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, "எதை வுட்டா உனக்கு அழுகை வரும்?" என்று கேட்டார். வயலின் என்றாள் அவள். "அப்ப அதை வெச்சுக்க. நாளையிலேர்ந்து கிரவுண்டுக்கு வராத." அடுத்த ஆட்டத்தில் அவள் இல்லாமல் தோற்றோம். டீச்சர் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை.

அந்த ஆண்டு கோப்பைப் போட்டியில் எங்களுக்கு இரண்டாம் இடம்தான். ஆனால் பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று, வாலிபால் மாணவிகளின் மதிப்பெண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி ஆசிரியர் அறை முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தார். கவிதாவுக்குக் கணக்கில் அறுபத்து நான்கு. "பாத்தீங்களா, பாத்தீங்களா," என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை.

இப்போது கவிதா ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். சாயங்காலங்களில் சிறுமிகளுக்கு வாலிபால் சொல்லித் தருகிறாள். டீச்சர் இறந்த அன்று அப்பாவோடு வந்திருந்தாள். அவர் வெளியே ஆண்களோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அருகில் வந்து, "ரெண்டுல ஒண்ணுதான்னு நெனச்சிருந்தேன். ரெண்டும் என் பொண்ணுக்கு ஆவும்னு அவங்கதான் காட்டுனாங்க," என்றார்.

மும்தாஜ் டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு தயக்கம். பிள்ளையின் பாட்டையோ ஆட்டத்தையோ நிறுத்திவிடலாமா என்று யாராவது கேட்டால் முன்போல உடனே தலையாட்டுவதில்லை. போன வாரமும் ஒரு தாய் கேட்டார். பெண் எத்தனை மணிக்குத் தூங்கப் போகிறாள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அங்கிருந்துதான் நாங்கள் பேசத் தொடங்கினோம்.