காதுக்காரரின் கையெழுத்து

பணிமனையில் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். விமான நிலையத்துக்குப் போகும் ரயில்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக்கொள்வார். உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். இருபத்தேழு வருஷத்தில் அந்தக் காது ஏமாந்ததே இல்லை என்பார்கள். அவரும் மறுக்கமாட்டார். அடக்கத்துக்கும் அவருக்கும் ரொம்ப தூரம்.

காலையில் எந்த வண்டியும் அவருடைய கையெழுத்து இல்லாமல் பணிமனையை விட்டு வெளியே போகாது. துளி சந்தேகம் இருந்தாலும் போடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்பார். அதனாலேயே பதவி உயர்வு அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவருடைய ஒரே மகள் நர்ஸ். நாலு வருஷம் பரீட்சை, நேர்காணல் என்று அலைந்து வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை வாங்கியிருந்தாள். அனுமதிக் கடிதத்தை அந்த ஊர்க்காரர்கள் ஆற அமர அனுப்பிய லட்சணத்தில், கடைசித் தேதிக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. அன்றைக்குள் அங்கே போய் இறங்காவிட்டால் அந்தக் கடிதம் வெறும் காகிதம்.

முந்தின நாள் சாயங்காலம் மனைவி கேட்டாள், "டாக்ஸிக்குச் சொல்லிடலாமா?"

"எதுக்கு? ரோட்டுல நெரிசல்ல மாட்டிக்கிட்டு முழிக்கவா? ஆறு பத்து வண்டியில ஏறினா ஆறு நாப்பதுக்கெல்லாம் உள்ள இருப்பா. நான் கையெழுத்து போட்ட வண்டி என்னிக்காவது வழியில நின்னிருக்கா?"

"விடும்மா," என்று மகள் சிரித்தாள். "அப்பா வண்டியிலயே போறேன்."

மறுநாள் விடியும் முன் அவர் பணிமனைக்குள் நுழைந்தபோதே நிலைமை சரியில்லை. அந்தத் தடத்துக்கு இருப்பதே நாலு வண்டி. ஒன்றுக்குச் சக்கரம் தேய்ந்துவிட்டது, இன்னொன்றுக்குக் கதவு மூடவில்லை, இரண்டும் படுத்துவிட்டன. மூன்றாவது அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு முதல் நடைக்குக் கிளம்பிவிட்டது. மிச்சமிருந்தது ஆறு பத்துக்கான வண்டி. அதில் பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸரில் ஸ்க்ரூடிரைவரை வைத்தார். உள்ளே ஏதோ தட்டியது. எடுத்து மறுபடி வைத்தார். தட்டிக்கொண்டேதான் இருந்தது.

மேலாளர் வந்து அளவுமானியைக் காட்டினார். "முள் சரியாத்தானே நிக்குது?"

"முள்ளுக்குக் காது கிடையாது சார். உள்ள தட்டுது."

"இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிடலாம். நாளைக்குப் பிரிச்சுப் பார்ப்போம்."

"நடுப் பாலத்துல காத்து இறங்கிட்டா முந்நூறு பேரு அங்கயே நிக்கணும் சார்."

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணும் இதுலதானே போறா? நேத்து எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தீங்களே."

பேனாவைத் திறந்து தாளில் வைத்தே விட்டதாகப் பிற்பாடு ஒருவன் கேலியாகச் சொல்லித் திரிந்தான். அவன் பெற்றது ஒன்று அந்த வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தால் அவன் வைக்கமாட்டானா?

"அவ ஏறுறான்னு தட்டுறது நின்னுடுமா சார்?" என்றார் காதுக்காரர். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கருக்கு ஓடிப்போய் மகளைக் கூப்பிட்டபோது மணி ஆறு பதினைந்து.

"போர்டுல பத்து நிமிஷம் தாமதம்னு போட்டிருக்குப்பா."

"பத்து நிமிஷமெல்லாம் இல்லம்மா. அந்த வண்டி வராது. உடனே வெளிய போய் டாக்ஸி பிடி."

"ஏம்ப்பா, என்ன ஆச்சு?"

"நான் கையெழுத்து போடலை."

அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். நிலைய வாசலில் டாக்ஸிக்கு ஊரே திரண்டு நின்றது. அடித்துப் பிடித்து அவள் விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது கவுண்ட்டர் மூடிப் பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது. கெஞ்சிப் பார்த்தாள். ஒருத்தர் மனமும் இளகவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் பட்டியலில் அடுத்திருந்தவளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஒன்பது மணிக்கு அடுத்த ஷிப்ட் ஃபிட்டர் வந்தான். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து போட்டான். அதே வண்டி கிளம்பி, அன்றைக்கு முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மறுநாளும் ஓடியது. இதைக் காதுக்காரர் வீட்டில் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து, வழக்கமான பராமரிப்புக்காகக் கம்ப்ரஸரைக் கழற்றித் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். 'பழுது எதுவும் காணப்படவில்லை' என்று சீட்டு வந்தது. மேலாளர் அதை ரொம்ப மரியாதையாக அவர் கையில் கொடுத்தார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தன் காதுதான் ஏமாந்ததா, இல்லை அங்கே எவனாவது பிரித்தே பார்க்காமல் எழுதி அனுப்பினானா, அவருக்கு இன்றுவரை தெரியாது. சீட்டை நாலாக மடித்து லாக்கரின் அடியில் வைத்தார். பணிமனையில் அவரைக் காதுக்காரர் என்று கூப்பிடுவதும் மெல்ல நின்றுபோனது.

மகள் இப்போது பக்கத்துத் தெரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாள். அப்பாவை ஒரு சொல் குறை சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் அவருக்கு அன்றைக்கே பாரம் குறைந்திருக்கும்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளாகவே கேட்டாள். "அப்பா, அந்த வண்டியில அப்படி என்னதான் கோளாறு?"

பரிமாறிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"பிரிச்சுப் பார்த்தாங்கம்மா," என்றார். "உள்ள எல்லாம் சுக்குநூறாக் கிடந்துச்சாம். ஓட்டியிருந்தா பெரிய ஆபத்தாயிருக்கும்."

மகள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்போ நல்லதுதாம்ப்பா," என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவர் தலை நிமிரவில்லை. மனைவி இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டாள். போதும் என்றார்.