என் கை கெடுத்த பாட்டு

லண்டனில் நோர்பரியிலிருந்து குரொய்டனுக்குப் பஸ்ஸில் போகும்போது எனக்குக் கண் சொக்கிவிடும். மேல்தட்டில், முன் இருக்கையில், கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி இருப்பேன். கடைப்பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவும். அரைத்தூக்கத்தில் ஏதோ ஒரு தரிப்பில் அந்தப் பழைய இசைத்தட்டுக் கடை, விளக்கெல்லாம் எரிய, வந்து நிற்கும். முழித்துப் பார்த்தால் கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் கடை. அதற்கு முன் கோழிப்பொரியல் கடையாக இருந்தது. அதில் எனக்கு வருத்தமொன்றுமில்லை. கடைகள் மாறாமல் வேறென்ன செய்யும்?

எழுபதுகளின் கடைசிப் பக்கம் அது. கல்யாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தேன். இவர் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பஸ் வழியிலுள்ள தோர்ண்டன் ஹீத்தில் எங்களுக்கு வாடகைக்கு ஓர் அறை. அதில் ஒரு கட்டில், ஒரு மேசை, மேசை நிறையப் புத்தகம். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் சொல்வார்.

“எனக்குப் படிக்க வேணும். நீர் கொஞ்சம் வெளியில நடந்திட்டு வாருமன்.”

அந்தக் குளிரில் ஒரு மனுஷி எங்கே நடப்பாள் என்று யோசிக்கமாட்டார். கணக்கில் புலி, மற்றதில் பூச்சியம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தும் சேலைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவேன். தோர்ண்டன் ஹீத்தில் அப்போது ஒரு தமிழ்க்கடை இல்லை, போய்க் கதைக்க ஒரு வீடும் இல்லை. அப்படி நடந்த ஒரு நாளில்தான், கால் விறைத்துப்போய், அந்தக் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்தது. அவ்வளவுதான் காரணம்.

உள்ளே இருந்தவர்களைப் பார்த்ததும் திரும்பி ஓடத்தான் நினைத்தேன். கஞ்சி போட்டு இஸ்திரி செய்ததுபோல் நட்டுக்கொண்டு நிற்கும் தலைமயிர். கிழிந்த சட்டைகள், கிழிசல் முழுக்க சேப்டி பின்கள். அது ‘பங்க்’ இசைக்காரரின் கோலம் என்று பிறகுதான் அறிந்தேன். ஒரு பெண் என் கழுத்தையே உற்றுப் பார்த்தாள். அவசரத்துக்கு உதவும் என்று தாலிக்கொடியில் நாலைந்து சேப்டி பின்களைக் கொழுவி வைப்பது எங்கள் பெண்களின் வழக்கம். அதைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்து, அடுப்புக்குப் பக்கத்தில் நகர்ந்து இடம் தந்தாள். அவர்களில் ஒருத்தி என்று என்னை நினைத்துவிட்டாள். நானும் திருத்தவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கேதான். கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், கதைப்பது குறைவு. அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. நாலு மணிக்கு, புதிதாகக் கிளம்பிய குழு ஏதாவது தன் டேப்பைக் கொண்டுவரும். அதைப் போட்டால் முடியும்வரை கடைக்குள் ஒருவரும் மூச்சு விடக்கூடாது. முடிந்தபின் யாராவது “இன்னொரு தரம்” என்று கேட்டால் மறுபடி போடுவார். அதை இசைத்தட்டாக அச்சடிப்பதும் அவர் பொறுப்பு. பாடியவர்களோ அவர்களோடு உழைத்தவர்களோ அப்படிக் கேட்கக்கூடாது. யாரும் கேட்காவிட்டால் டேப்பைக் கையில் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணிக்குக் கேத்திலில் தண்ணீர் வைப்பார். ஒரு குழுவுக்கு ஒரு தரம்தான். கேத்தில் சத்தம் கேட்டு அழுத பெடியன்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இடம் தந்தவள் டிரம் அடிப்பவள். பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. அவளும் இன்னும் இரண்டு பெண்களும் கடையின் பின்னறையில் ஒரே பாட்டை அடித்துப் பழகுவார்கள்; முன்பே பதிந்த டேப் ஒன்றும் அங்கே கிடந்தது. பாட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன், காட்டுக்கத்தல். அதுவும் தொடங்கிய வேகத்தில் நிற்காது. நாலாவது வரிக்குள் டிரம் பிய்த்துக்கொண்டு ஓடும், மற்ற இருவரும் பின்னால் விழுந்தடித்து வருவார்கள். ஊரில் சங்கீதம் நாலாம் தரம் வரை படித்தவள் நான். பிழைத்த தாளத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஏலாது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் உள்ளே போய், அவளுக்கு முன்னால் உட்கார்ந்து, தொடையில் ஆதி தாளம் போட்டுக் காட்டினேன். கையைத் தட்டி, விரலை எண்ணி, புறங்கையைத் திருப்பி.

அவள் வாயைப் பிளந்தாள். “இதை எப்படி இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறாய்?”

மூன்று வாரம் என் கையைப் பார்த்தே அடித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஊரில் என்னால் ஒரு காரியம் ஆகிறதே! அறைக்குத் திரும்பி அரிசி கழுவும்போதும் விரல்கள் தானாக எண்ணும். டேப்பில் பதிந்த அன்றும் நான்தான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு எண்ணிக்கை பிசகவில்லை.

மார்கழி மாதச் சனிக்கிழமை ஒன்றில் அது போடப்பட்டது. கடை நிறையச் சனம், ஈரக் கோட்டுகளின் வாசம், கண்ணாடியெல்லாம் ஆவி. பாட்டு தொடங்கி நேராக நடந்து நேராக முடிந்தது. ஒருவன் “நன்றாக இருக்கிறது” என்றான். இன்னொருவன் கொட்டாவி விட்டான். யாரும் “இன்னொரு தரம்” என்று கேட்கவில்லை. கடைக்காரர் டேப்பைக் கழற்றி அவளிடம் நீட்டிவிட்டுக் கேத்திலை எடுத்தார்.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கெடுத்தது நான். உயிரோடு துள்ளிக்கொண்டிருந்த ஒன்றைப் பிடித்துத் தலைவாரிப் பொட்டு வைத்துக் கொன்றுவிட்டேன்.

லண்டனுக்கு வந்து ஒன்பது மாதத்தில், ஒரு கூட்டத்துக்கு நடுவில் நான் சத்தமாகப் பேசியது அன்றுதான். என் ஆங்கிலம் அப்போது முறிந்த ஆங்கிலம்.

“இது அவர்களுடைய பாட்டு இல்லை. என்னுடையது. அவர்களுடையதை நீங்கள் இன்னும் போடவில்லை. நான் வருவதற்கு முதல் பதிந்த டேப் பின்னறையில் இருக்கிறது. அதைப் போடுங்கள்.”

“ஒரு தரம்தான்,” என்றார் கடைக்காரர்.

“அந்த ஒரு தரத்தைத்தான் கேட்கிறேன்.”

கையிலிருந்த கேத்திலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனார்.

பழைய டேப் ஓடத் தொடங்கியபோது கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. திரும்பிப் பார்த்தால் இவர்! இருட்டியும் நான் வராததால் பயந்து, வீதி நெடுகத் தேடி வந்திருக்கிறார். அவசரத்தில் வீட்டில் உடுத்தியிருந்த சாரத்தோடேயே, அதற்குமேல் ஓவர்கோட், காலில் செருப்பு. எனக்குத் தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அங்கிருந்தவர்கள் அவருடைய கோலத்தை ஏற இறங்கப் பார்த்து, மரியாதையாக வழிவிட்டார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், எல்லோரும் சிலையாக நிற்பதைக் கண்டு, அப்படியே நின்றுவிட்டார்.

பாட்டு ஓடியது. நாலாவது வரியில் பிய்த்துக்கொண்டது. என் கை வழக்கம்போல் எண்ணப் பார்த்துத் தோற்று, பக்கத்தில் தொங்கியது. சுவரிலிருந்த இசைத்தட்டு உறைகள், ஆவி படிந்த கண்ணாடி, அடுப்பின் நீலச் சுடர் எல்லாம் அந்த வேகத்தில் மிதந்துகொண்டு போவதுபோல் இருந்தது. பிறகு சட்டென்று முடிந்தது.

யாராவது கேளுங்களேன் என்று மனதுக்குள் கத்தினேன். கடைக்காரரின் கை கேத்திலை நோக்கி அசைந்தது. அப்போது என் காதருகே இவருடைய குரல், தணிந்து, கொஞ்சம் வெட்கத்தோடு:

“இன்னொருக்காப் போடச் சொல்லும்.”

கடை முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது. “என்ன சொல்கிறார்?” என்று கேட்டார் கடைக்காரர்.

அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. மொழிபெயர்க்கக் கூடாது என்று யாரும் விதி போடவுமில்லை. சொன்னேன். டிரம் அடிப்பவள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கடைக்காரர் டேப்பைப் பின்னுக்குச் சுற்றினார்.

இரண்டாம் தரம் ஓடியபோது நான் பாட்டைக் கேட்கவில்லை. இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசி, சாதகம் பார்த்து, நாள் வைத்து முடித்த கல்யாணம் எங்களுடையது. இந்த மனுஷனை எனக்குப் பிடித்திருக்கிறது என்று நான் முதலில் அறிந்தது அங்கேதான், அந்தக் கத்தலுக்கு நடுவில், அவர் ஈரச் செருப்போடு கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது.