நயினார் காருக்கு மாட்டிய புல்லி

கார் மெக்கானிக் தொழிலில் கையில் ஒட்டும் கரி மூன்று நாளில் போய்விடும். வண்டி கிளம்பிப் போன பிறகு வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் பயம் எந்த சோப்புக்கும் போகாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறி, பாதி வழியில் "பூட்டினோமா?" என்று பதறுகிறவர்கள் உங்களில் பாதிப் பேராவது இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள். அவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

அறுபதுகளில் செஞ்சியில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்கென்று ஷெட் கிடையாது. சைக்கிள் கேரியரில் ஸ்பானர் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கூப்பிட்ட வீட்டுக்குப் போய் அங்கேயே தரையில் படுத்து வேலை பார்ப்பேன். அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருவர் தரணேந்திர நயினார். மேல்சித்தாமூர்க்காரர். செஞ்சியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்து, வீடும் கட்டியிருந்தார். அவரிடம் ஒரு பழைய சீமைக் கார் இருந்தது. அவர் மகள் சுமதி பிரசவத்துக்கு வந்திருந்தாள். தலைப்பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை வலி கண்டதும் தாமதிக்காமல் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாற்பது மைல். நாள் கணக்குப்படி இன்னும் பத்து நாள் இருந்தது. கார்தான் நாலு மைல்கூட ஓடுகிற நிலைமையில் இல்லை.

கூடவே சரி பண்ணியது

எஞ்சினுக்கு முன்னால், ரேடியேட்டருக்குப் பின்னால் மறைந்து, சின்னத் தட்டு அளவுக்கு ஒரு சக்கரம் இருக்கும். கிராங்க் புல்லி என்போம். அதன் பள்ளத்தில் ஓடுகிற பெல்ட்தான் காற்றாடியையும் டைனமோவையும் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. நயினார் காரில் அந்தப் புல்லியின் விளிம்பு உடைந்து பெல்ட் கழன்று கழன்று விழுந்தது. பெல்ட் விழுந்தால் தண்ணீர் கொதித்து வண்டி நின்றுவிடும். கம்பெனிப் புல்லி கப்பலில் வந்தால்தான் உண்டு. கப்பலுக்குக் காத்திருந்தால் பிறக்கப்போகும் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். எனவே உடைந்ததைக் கழற்றி எடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போய், இதே மாதிரி ஒன்று வார்ப்பிரும்பில் கடைந்து தரச் சொன்னேன்.

ரெண்டு நாளில் லேத்காரர் தந்தார். கண்ணாடி போல மின்னியது. ஆனால் பழைய புல்லியின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். எஞ்சினுக்குள் தீப்பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். அது தப்பிப்போனால், முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றி வண்டியைக் கிளப்புகிறவனின் மணிக்கட்டை எஞ்சின் திருப்பி அடித்து முறித்துவிடும். அந்த வெட்டு புதுசில் இல்லவே இல்லை. "வெட்டு எங்கே?" என்று கேட்டேன். லேத்காரர் பெருமையாகச் சிரித்தார்: "ஓரத்துல சின்னதா இன்னொரு ஒடசல் இருந்துது பாரு, அதையும் கூடவே சரி பண்ணிட்டேன். அதுக்குத் தனியா கூலி வேணாம், போ."

எறும்புப் புற்று பக்கத்தில்

பழைய புல்லியைப் புதுசின் மேல் வைத்து, உள்ளே எஞ்சின் தண்டோடு புல்லியைப் பிணைக்கும் சாவி உட்காரும் காடியை ஒன்றோடொன்று பொருத்தி, நூல் பிடித்து அளந்து, அரத்தால் நானே அந்த வெட்டைப் போட்டேன். அரத்தை ஒரு தடவை இழுப்பதற்குள் நாலு தடவை அளந்தேன். என் மணிக்கட்டு எனக்கு வேண்டுமே.

மறுநாள் மத்தியானம் நயினார் வீட்டுக் கார் கொட்டகையில் வேலையை ஆரம்பித்தேன். ரேடியேட்டரை இறக்கி வைத்துவிட்டு, சாமான்களைக் கழுவ மண்ணெண்ணெய் டின்னைச் சாய்த்தேன். நயினாரின் மனைவி பத்மாவதி அம்மா ஓடி வந்து கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். அவர்கள் ஜைனர்கள். புழு பூச்சிக்குக்கூட நோகக் கூடாது. என் காலடியில் ஓர் எறும்புப் புற்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு பழைய தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்து, அதற்குள்ளேயே கழுவச் சொன்னார். அதோடு விடவில்லை. நான் படுக்க விரித்த சாக்கையும் தூக்கி உதறிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போட்டார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். அந்த அம்மா முகத்தைப் பார்த்தால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. "உன் சாமானைக் கழுவு முருகேசு, நான் வேணாங்கல. அதுக்காக இதுங்களை ஏன் கழுவுற?" என்றார்.

பொழுது சாய்வதற்குள்

லேத் புல்லி உள்ளே போக மறுத்தது. சுத்தியால் ஓங்கி அடித்தால் எஞ்சினுக்குள் ஏதாவது போய்விடும். வெந்நீர் அண்டாவில் புல்லியைப் போட்டுச் சூடாக்கி, துணியில் பிடித்துத் தள்ளினேன். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. அதன் மேல் ஒரு லாக் வாஷர், அதன் மேல் ஒரு பெரிய நட்டு. இந்த நட்டை முழுப் பலத்தையும் போட்டு இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு வாஷரின் ஓரத்தை உளியால் தட்டி நட்டின் மேல் மடித்துவிட வேண்டும். மடித்துவிட்டால் நட்டு தானாகக் கழலாது. மடிக்காவிட்டால் அது எப்போது கழலும் என்று எவனும் சொல்ல முடியாது.

நட்டை இறுக்கும்போது எஞ்சினும் சேர்ந்து சுற்றாமல் இருக்க, வண்டியை கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார வேண்டும். நயினார்தான் உட்கார்ந்திருந்தார். முதல் இறுக்கு இறுக்கினேன். கடைசி இறுக்குக்காக ஸ்பானரை மாற்றிப் பிடித்தேன். உளியையும் எடுத்துக் கொட்டகை ஜன்னலில் தயாராக வைத்தேன். அப்போது வெயில் ராஜகிரி மலைக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. பொழுது சாய்ந்த பிறகு அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்ததும் நயினார் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கிவிட்டார். "ரெண்டே நிமிஷம் நயினாரே" என்றேன். அம்மாவே வாசலுக்கு வந்துவிட்டார்: "வண்டி எங்கயும் ஓடிடாது, வந்து சாப்டு. பொழுது போயிட்டா இந்த வூட்ல பச்சத் தண்ணிகூட கெடைக்காது."

ஒரே சுற்றில்

சாப்பாடு அருமை. அந்த வீட்டுப் பருப்புக் குழம்பை இப்போது நினைத்தாலும் நாக்கு ஊறும். அந்தக் குழம்புதான் என்னைக் கெடுத்தது என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் தப்பு என்னுடையதுதான். திரும்பி வந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நட்டு அதன் இடத்தில் இருந்தது. பெல்ட்டை மாட்டினேன், ரேடியேட்டரை ஏற்றினேன், தண்ணீர் ஊற்றினேன். ஹாண்டிலைப் போட்டுக் கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு சுற்றுச் சுற்றினேன். மணிக்கட்டு உடையவில்லை. எஞ்சின் கிளம்பிவிட்டது! பெல்ட் நேராக ஓடியது. சுமதி உள்ளேயிருந்து மெதுவாக நடந்து வந்து நின்று பார்த்தாள். நான் போட்ட வெட்டு சரியாக இருந்த சந்தோஷத்தில் எனக்கு வேறு எதுவும் ஞாபகம் இல்லை. காலையில் வந்து திருவண்ணாமலை ரோட்டில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும் என்றேன். நயினாருக்கு என் ஜாக்கிரதை வேடிக்கையாக இருந்தது. "ஒரே சுத்துல எழுந்துடுச்சே, இதுக்கு மேல இன்னாப்பா வேணும்?" என்றார்.

ஜன்னலில் இருந்த உளி

காலையில் போனால் கொட்டகை காலி. வாசல் தெளித்துக்கொண்டிருந்த அஞ்சலையம்மா அந்த வீட்டில் வேலை செய்கிறவர். விடியற்காலையில் சுமதிக்கு வலி எடுத்துவிட்டது, நயினாரே வண்டியை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார்கள் என்றார். நல்லதுதானே என்று தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன்.

உளி நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

நட்டின் கடைசி இறுக்கு, வாஷர் மடிப்பு, ரெண்டும் இல்லை. மடித்திருப்பேன், பழக்கதோஷத்தில் கை தானாகச் செய்திருக்கும் என்று மனசு சமாதானம் சொல்லிப் பார்த்தது. உளி இல்லாமல் எதால் மடித்தாய் என்று வயிறு கேட்டது. அந்த நட்டு கழன்றால் புல்லி கழலும். புல்லி கழன்றால் நடுரோட்டில் வண்டி நிற்கும். உள்ளே ஏற்கெனவே ஒரு குழந்தையைப் பறிகொடுத்த பெண் இருக்கிறாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அஞ்சலையம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்: "இன்னா மெக்கானிக்கு, புள்ள பெறப்போறது அவங்க பொண்ணு, உனுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

புளியமரத்தடிக் கூட்டம்

உளியையும் ஸ்பானர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறி, டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். உட்கார இடம் இருந்தது, உட்கார முடியவில்லை. ரோட்டில் கறுப்பாக எது கிடந்தாலும் பெல்ட்டாகத் தெரிந்தது. ஈரமாக இருந்த இடமெல்லாம் ரேடியேட்டர் தண்ணீராகத் தெரிந்தது. கும்பிடாத சாமியில்லை. ஜைனர் வீட்டுப் பெண்ணாயிற்றே என்று அவர்கள் சாமியையும் சேர்த்துக் கும்பிட்டேன். பேர் தெரியாததால் பொதுவாகக் கும்பிட்டேன்.

வல்லம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் கூட்டம். ஆம்பளைகள் குனிந்து எதையோ தூக்கிக்கொண்டிருந்தார்கள். "நிறுத்து, நிறுத்து" என்று கத்தி, ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கப் போனேன். கண்டக்டர் சட்டையைப் பிடித்து இழுத்தார். பஸ் கிட்டே போனதும்தான் தெரிந்தது, அச்சு முறிந்த மாட்டுவண்டி. மூட்டை மூட்டையாக மல்லாட்டை ரோட்டில் கொட்டிக் கிடந்தது. நான் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன். கண்டக்டர் குழம்பிப்போனார். "மல்லாட்ட கொட்டுனா பொறுக்க ஓடுவாங்க, பாத்துருக்கேன். உக்காந்து அழுவுறவன இன்னிக்குத்தான்யா பாக்குறேன்."

ஆஸ்பத்திரி மரத்தடியில்

திண்டிவனத்தில் பஸ் மாறிப் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு வேப்பமரத்தடியில் அந்தக் கார் நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது! உள்ளே போய் விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை. மண்ணில் படுத்து, அடியில் நுழைந்து, கையை மேலே விட்டேன். நட்டு விரலுக்கே சுழன்றது. கழன்று விழ இன்னும் ரெண்டு புரிச் சுற்றுதான் மிச்சம். புல்லி பல் ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. நாற்பது மைல் அது எதைப் பிடித்துக்கொண்டு ஓடியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வாட்ச்மேனைக் கெஞ்சி பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார வைத்தேன். ரேடியேட்டரை இறக்கி, நட்டை என் பலம் இருக்கும்வரை இறுக்கி, வாஷரை மடித்தேன். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்துத் தலையைத் தூக்கினால் பத்மாவதி அம்மா நின்றுகொண்டிருந்தார். "பொண்ணு பொறந்துருக்குது முருகேசு. ரெண்டு பேரும் சொகம். நீ ஏன்பா இவ்ளோ தூரம்?" என்றவர், எங்கள் மேல் இவ்வளவு பாசமா என்று கண் கலங்கினார். அப்படியே விட்டிருந்தால் எனக்கு நல்ல பேர். வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்த அம்மா என் கறுப்புக் கையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டபோது என்னால் முடியவில்லை. "அம்மா, நேத்து நட்ட நான் சரியா இறுக்கலம்மா. வாஷரை மடிக்கவும் இல்ல. வழியில எந்த எடத்துல வேணும்னாலும் வண்டி நின்னுருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கையை விட்டுவிட்டார். வண்டியைப் பார்த்தார். வார்டு ஜன்னலைப் பார்த்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன், திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "இப்ப இறுக்கிட்டியா?" என்று கேட்டார். "இறுக்கி மடிச்சுட்டேம்மா" என்றேன். பிறகு, எறும்புகளுக்காகப் பேசிய அதே குரலில் சொன்னார்: "பத்து நாள் கழிச்சு வூட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம். அன்னிக்கு நீ வந்து முன் சீட்ல உக்காரு, கொழந்த உன் மடியில இருக்கட்டும்."

என் சட்டையைக்கூட நனைக்காமல் நிம்மதியாகத் தூங்கிய ஒரு பத்து நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்பது மைலும் ஒரு நட்டின் சத்தத்தையே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தவன் நான் என்பதால், அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் வாஷரை மடிக்க மறந்ததில்லை. மடித்ததை மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்ப்பதைத்தான் இன்னும் நிறுத்த முடியவில்லை.