பல் டாக்டர் பேசிப் பழகிய பாஷை

லஸ் முனையில் அப்போது ஒரு பல் டாக்டர் இருந்தார். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். பெரிய கைகள், எப்போதும் சிவந்திருக்கும் காதுகள். தமிழைத் தம் கம்பவுண்டரிடம் கற்றுக்கொண்டவர் என்பதால், பஞ்சகச்சம் கட்டிய வக்கீலைக்கூட "இன்னா நைனா, வலிக்குதா?" என்றுதான் கேட்பார்.

நாம் வாயைத் திறந்ததும் வேறொரு பாஷைக்குத் தாவிவிடுவார். பல்லைச் சுரண்டிக்கொண்டே "லெஹெம், ஹலாவ்" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போவார். பதில் பேச முடியாதவர்களிடம் அவருக்குக் கூச்சமே கிடையாது.

ஒருநாள் அது என்ன பாஷை என்று கேட்டேவிட்டேன்.

"ஹீப்ரு. ரொட்டி, பாலுன்னு சொல்லிப் பழகறேன். தங்கச்சி பாலஸ்தீனத்துல கீது. அதோட பொண்ணுக்கு இந்த பாஷை மட்டும்தான் தெரியும். அடுத்த மாசம் எனக்குக் கப்பல். ஜபம் பண்ற ஹீப்ரு நல்லா வரும் நைனா. கொழந்தகிட்ட பேச வராது."

"எங்காத்துல சம்ஸ்கிருதமும் அப்படித்தான் டாக்டர். மந்திரமெல்லாம் வரும், மோர் கேக்க வராது."

வாய்விட்டுச் சிரித்தார். 'கோஎவ்' என்றால் வலிக்கிறதா, 'லோ' என்றால் இல்லை என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தார்.

அடுத்த வாரம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க உட்கார்ந்தார். குறட்டால் ஒரு அசைப்பு அசைத்து வெளியே எடுத்து, வழக்கம்போல் தனக்குத்தானே "கோஎவ்?" என்றார்.

"லோ," என்றேன்.

குறடு அந்தரத்தில் நின்றது. இத்தனை நாளில் அந்தப் பாஷையில் அவருக்குக் கிடைத்த முதல் பதில். காதுகள் இன்னும் சிவக்க, ஆசையாய் மறுபடியும் "கோஎவ்?" என்று கேட்டார்.

மறுபடியும் "லோ" என்றேன். எனக்கோ உயிர் போகிற வலி.